சுத்திக்காட்டி காட்டிய ஒஸ்லோ

ஒஸ்லோவைக் கட்டியது யார் என்று கேட்டால் நார்வேக்காரர்கள் ஏதாவது ஒரு ராஜாவின் பெயரைச் சொல்வார்கள். கட்டியது யாராகவும் இருக்கட்டும். அதைத் தமிழர்களுக்குக் காட்டியது ஒரே ஒரு ஆள்தான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. நகரின் ஓரத்தில் இருக்கும் புருசெத்தின் அடுக்குமாடி வீடுகளில் யாரைக் கேட்டாலும் 'சுத்திக்காட்டி' என்றுதான் சொல்வார்கள். ஊரைச் சுற்றிக் காட்டுகிறவர் என்று அர்த்தம்.

இலங்கையில் மன்னார் பக்கத்துக் கத்தோலிக்கர். அறுபது வயதைத் தாண்டிய, ஒல்லியான, உயரமான மனிதர். முப்பது வருஷம் ஒஸ்லோவின் பெரிய கட்டடங்களுக்கெல்லாம் ஜன்னல் துடைத்தவர். அதனால் அவருடைய உலகத்தில் கட்டடம் என்பது ஜன்னல்களைத் தாங்கிப் பிடிப்பதற்காக எழுப்பப்பட்ட ஒரு ஏற்பாடு. தேவாலயத்துக்கு முன்னால் நிறுத்தி, கோபுரத்தைக் காட்டாமல், இடது மூலையில் மூன்றாவது ஜன்னலைக் காட்டுவார். அதன் மூலையில் துணி போகாதாம். சரித்திரமும் அவரிடம் ஜன்னல் வழியாகத்தான் வரும். ஆக்கெர்ஷுஸ் கோட்டைக்கு முன்னால் நின்று அவர் எனக்குச் சொன்ன வரலாறு இது:

"சுவீடன்காரர் எத்தினையோ தரம் வந்து சுத்தி வளைச்சவங்கள், பிள்ளை. பிடிக்க ஏலாமல் போச்சு. ஏன் தெரியுமோ? யன்னல் சின்னன்."

நான் திருநெல்வேலியிலிருந்து வேலைக்காக ஒஸ்லோ வந்த முதல் வாரத்தில் என்னைப் பிடித்தார். புருசெத் ஸ்டேஷனில், பனியில், கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு நின்றிருந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் என் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துப் பேசினார். இந்தச் சப்பாத்தோடு நான் நத்தார் காண மாட்டேன் என்றார். நத்தார் என்றால் கிறிஸ்துமஸ் என்பதே எனக்கு அப்போது தெரியாது. யாரோ உறவுக்காரர் பெயர் என்று நினைத்தேன். குறொன்லாண்டு கடைத்தெருவுக்கு அழைத்துப் போய், கடை கடையாக ஏறி, எனக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்க வைத்தார். அடுத்து, பூட்ஸைப் பழக்க வேண்டும் என்று சொல்லி மூன்று மணி நேரம் ஊரைக் காட்டினார்.

அவரோடு போவதற்குச் சட்டதிட்டங்கள் உண்டு. காசு வாங்க மாட்டார். ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோகும் நார்வே வழக்கப்படி எல்லோரும் அவரவர் சாப்பாட்டைக் கொண்டுவர வேண்டும். போனை அவருடைய துணிப்பையில் போட்டுவிட வேண்டும். படம் எடுக்கிறவன் பார்ப்பதில்லை என்பது அவர் கட்சி. ஒருமுறை சென்னையிலிருந்து வந்த ஒரு மேனேஜரின் போன், அரண்மனைக் காவலர்களுக்கு எதிரே, பைக்குள்ளிருந்து அலறியது. சுத்திக்காட்டி அதை எடுத்து, "அவர் இப்ப அரண்மனையிலை நிக்கிறார். பிறகு எடுங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார். கூப்பிட்டது மேனேஜருக்கும் மேலே இருக்கிற மேனேஜர். அதற்குப் பிறகு ஆபீஸில் நம்மாளுக்கு மரியாதை கூடிவிட்டதாகக் கேள்வி.

நிர்வாணச் சிலைகளுக்குப் பேர்போன ஃப்ரோக்னர் பூங்காவுக்குக் குடும்பப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது அவருக்குத் தனி முறை உண்டு. வாசலிலேயே எல்லோரையும் நிறுத்தி, உள்ளே இருக்கிற ஒருவருக்கும் குளிராது, நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்று அறிவிப்பார். எல்லோரும் சிரித்துவிடுவார்கள். சிரித்தபின் யாருக்கும் கூச்சம் இருக்காது.

இதெல்லாம் வேடிக்கை. நான் சொல்ல வந்தது என் அப்பா ஒஸ்லோவுக்கு வந்த கதை.

நார்வேயிலேயே பிறந்து வளர்ந்த ஒரு யாழ்ப்பாணத்துப் பையனை நான் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன். அப்பா அதற்கு வரவில்லை. வராததோடு நில்லாமல் என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார். ஆறு வருஷம். நான் போன் செய்தால் அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவார். கடைசியில் அம்மாதான் துணிந்தாள். இரண்டு பேருக்கும் விசா வாங்கி வைத்துக்கொண்டு, வந்தால் வாங்க, இல்லாவிட்டால் நான் தனியாகப் போகிறேன் என்றாள். பாளையங்கோட்டைக்குக்கூட அம்மாவைத் தனியாக அனுப்பாதவர் அப்பா. மகளைப் பார்க்க இல்லை, மனைவிக்குக் காவலாகத்தான் வருகிறேன் என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

என் வீட்டுக்காரர் அப்போது வேலை விஷயமாக வடக்கே ஹம்மர்பெஸ்ட் போயிருந்தார். வீட்டில் நாங்கள் மூன்று பேர். அப்பா என்னிடம் சொல்ல வேண்டியதை, நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, அம்மாவிடம் சொல்வார். "அவகிட்டச் சொல்லு, இட்லிக்கு உப்பு பத்தலைன்னு." அம்மா என் பக்கம் திரும்பி அதை மறுபடி சொல்வாள். ஒரு வாரம் இப்படிப் போயிற்று. வெள்ளிக்கிழமை நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சனிக்கிழமை காலை சுத்திக்காட்டிக்குப் போன் செய்து, அப்பா அம்மாவுக்கு ஊரைக் காட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். உடனே வந்துவிட்டார்.

ரயிலில் அப்பா வழக்கம்போல, எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்று அம்மா மூலமாக என்னைக் கேட்டார். சுத்திக்காட்டி அதைப் பார்த்துவிட்டு அப்பாவுக்குக் காது கேட்காது என்று முடிவு செய்து, இரண்டு ஸ்டேஷன் தூரத்துக்கு அவரிடம் உரக்கக் கத்திக்கொண்டு வந்தார். பெட்டியில் இருந்த நார்வேக்காரர்கள் ஜன்னலுக்கு வெளியே இருந்த சுரங்க இருட்டை அக்கறையாகப் பார்த்தார்கள். அப்புறம் சுத்திக்காட்டி என்னிடம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"ஐயாவுக்குக் காது ஏலாதோ?"

"நல்லா கேக்கும் அண்ணை. என்கூடத்தான் பேசறதில்லை."

"எத்தினை வருசம்?"

"ஆறு."

அவர் தாடையைத் தடவிக்கொண்டார்.

அரண்மனை வாசலில் வழக்கம்போல இத்தனை ஜன்னல் என்று ஆரம்பித்தார். அப்பா நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறர் சொன்ன அளவை அப்படியே ஒப்புக்கொண்டதாகச் சரித்திரம் கிடையாது. நின்ற இடத்திலேயே எண்ணி, ஒன்பது குறைகிறது என்றார். பொய் ஜன்னலையும் சேர்க்க வேண்டும் என்றார் சுத்திக்காட்டி. திறக்காத ஜன்னல் ஜன்னலே இல்லை என்றார் அப்பா. இரண்டு பேரும் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்கள். நானும் அம்மாவும் முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். திரும்பி வரும்போது இன்னும் சண்டைதான். ஆனால் 'சார்' என்று தொடங்கிய அப்பா 'வே' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். திருநெல்வேலிக்காரர் ஒருவரை 'வே' போட்டுவிட்டால் அவரைச் சொந்தத்தில் சேர்த்தாயிற்று என்று பொருள்.

கோட்டையில் மதிலின் நீளத்துக்குச் சண்டை. துறைமுகத்தில் கப்பலின் உயரத்துக்குச் சண்டை. மத்தியானம் ஓபரா மாளிகைக்கு வந்து சேர்ந்தோம். வெள்ளைக் கல் பதித்த அதன் கூரை, தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து சாய்வாக மேலே போகும். யார் வேண்டுமானாலும் அதன்மேல் நடக்கலாம். சுத்திக்காட்டி ஐந்தடி நடந்தால் ஓரடி ஏறும் என்றார். பத்தடிக்கு ஓரடி ஏறினாலே பெரிசு என்றார் அப்பா.

"அப்ப அளந்து பாப்பம்" என்று சுத்திக்காட்டி பையிலிருந்து ஒரு அளவு நாடாவை எடுத்து நீட்டினார். அப்பாவின் கை தானாக நீண்டது. மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். சுத்திக்காட்டி முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்து, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு முழங்கால் ஏலாது, ஐயா. அம்மாவும் ஏற மாட்டா. மகளைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தாள். நான் நாடாவின் முனையை எடுத்துக்கொண்டு மேலே நடந்தேன். கண்கூசும் வெயில். நல்ல காற்று. நாடா காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. அப்பா கீழே குத்தவைத்து, பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்து மட்டம் பார்த்தார். பத்துப் பதினைந்து அடி தூரத்தில் நான். நடுவில் சொல்லி அனுப்ப யாரும் இல்லை.

"ஏட்டி, இறுக்கிப் பிடி. தொய்யுது பாரு."

நான் இறுக்கிப் பிடித்தேன். கண்ணீர் மறைத்தது, ஆனாலும் நாடாவை விடவில்லை. இன்னும் இரண்டடி மேலே போகச் சொன்னார். போனேன். இடது பக்கம் என்றார். நகர்ந்தேன். ஆறு வருஷத்தில் என் அப்பா எனக்கு இட்ட முதல் ஐந்தாறு கட்டளைகள். ஒவ்வொன்றையும் சந்தோஷமாகச் செய்தேன். அளந்து முடிந்ததும் நாடாவைச் சுற்றிக்கொண்டே மேலே ஏறி வந்தார். பக்கத்தில் நின்று கடலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்காமல், "மெலிஞ்சிட்டியே. ஒழுங்கா சாப்பிடுறது இல்லையா?" என்றார். சாப்பிடுகிறேன் என்றேன். மாப்பிள்ளை எப்போது வருவார் என்று கேட்டார். புதன்கிழமை என்றேன். அந்த 'மாப்பிள்ளை'யைக் கேட்க நான் ஆறு வருஷம் காத்திருந்தேன்.

கீழே இறங்கியதும் சுத்திக்காட்டி, அளவு என்ன வந்தது என்று கேட்டார். பத்தடிக்கு ஓரடிக்கும் குறைவாகத்தான் வந்திருந்தது. அப்பா சொன்னதுதான் சரி, எனக்கே தெரியும். அப்பா நாடாவை அவர் கையில் கொடுத்துவிட்டு, "நீரு சொன்னதுதான் சரி வே" என்றார்.

அம்மா வாயில் வைத்த ரொட்டியை மென்று விழுங்க மறந்தாள். அப்பா ஓர் அளவை விட்டுக்கொடுத்ததை அவள் முப்பத்தெட்டு வருஷத்தில் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் சுத்திக்காட்டியைப் பார்த்தேன். ரயிலைப் பிடிக்க ஸ்டேஷன் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார். முழங்கால் எப்படி என்று கேட்டேன். எந்த முழங்கால் என்றார்.

அப்பாவும் அம்மாவும் ஊருக்குப் போன பிறகு, நன்றி சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். நன்றி என்ற சொல்லைக் கேட்டதும் அவரால் உட்கார முடியவில்லை. தேத்தண்ணி போடப் போனார், போட்டதை மறந்து மறுபடி போனார். பேச்சை மாற்றத்தான், நீங்கள் வந்த புதிதில் உங்களுக்கு யார் ஊரைச் சுற்றிக் காட்டினார்கள் என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை, பிள்ளை. வேலையாலை வீடு, வீட்டாலை வேலை. ரெண்டு வருசம் இந்த ஊரிலை எல்லா யன்னலும் துடைச்சனான். ஒருத்தர்கூட என்னட்டை, இஞ்சை பார், இது வடிவா இருக்கு எண்டு சொல்லேல்லை."

சொல்லிவிட்டு, சீனி போதுமா என்று கேட்டார்.

இப்போது அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னோடுதான் பேசுகிறார். வயதாகிவிட்டது. எல்லாம் பேசி முடித்து, வைக்கப் போகும் நேரத்தில் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும். அவ்வளவு தூரத்தில் இருக்கிறாயே, மாப்பிள்ளை ஊரில் இல்லாத நேரம் ஒரு அவசரம் என்றால் நமக்கென்று அங்கே யார் இருக்கிறார்கள் என்பார்.

"நீங்க 'வே' போட்டவரு இருக்காருப்பா" என்கிறேன்.