பதினைந்து டிகிரி, எங்கிருந்து?

என் கல்யாணம் ஒரு சாயங்காலம் நின்றுபோகப் பார்த்தது. குற்றம் வானத்தின் மீது இல்லை. அது எப்போதும் போலத் தன் இடத்தில்தான் இருந்தது.

அப்போது நான் ஒரு நாளிதழில் பக்க வடிவமைப்பாளன். கள்ளிக்குப்பத்தில் அம்மாவோடு வாடகை வீட்டில் இருந்தேன். வனிதாவும் நானும் விரும்பினோம். அவள் அப்பா மண்ணூர்பேட்டையில் லேத் பட்டறை டர்னர். மயிரிழை அளவு பிசகினாலும் செய்த உருப்படியைத் தூக்கிப் போட்டுவிடுகிறவர். “பேப்பர்காரன் எல்லாத்தியும் அரைகொறையாத்தான் தெரிஞ்சி வச்சினுகீறான்” என்று மகளிடம் சொல்லியிருந்தார். (தப்பில்லை.) இருந்தாலும், ஒருமுறை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக இறங்கிவந்தார்.

அப்பாவும் மகளும் வந்த ஞாயிற்றுக்கிழமை, பூமியைச் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையம் சென்னையிலிருந்து ஒரு நகரும் வெளிச்சமாகத் தெரியும் என்று அலுவலகத்துக்குத் தகவல் வந்திருந்தது. நேரம் ஆறு ஐம்பது. அதிகபட்ச உயரம் பதினைந்து டிகிரி. நான் அரைகுறை இல்லை என்று நிரூபிக்க ஆகாயமே முன்வந்ததாக எடுத்துக்கொண்டேன். பஜ்ஜி தீர்ந்ததும் எல்லாரையும் மொட்டைமாடிக்கு அழைத்துப்போனேன்.

“எத்தினி டிகிரி தம்பி?” என்றார் வனிதாவின் அப்பா.

“பதினைஞ்சு சார்.”

“எங்கேர்ந்து?”

டர்னர் கேட்கவேண்டிய கேள்வி. எனக்கோ அதில் சந்தேகமே இல்லை. பத்திரிகைப் பக்கத்தில் தலைப்பு, படம் எல்லாவற்றையும் மேல் விளிம்பிலிருந்துதான் அளப்போம்.

“தலைக்கு நேர் மேல ஜீரோ சார். அங்கேர்ந்து கொஞ்சம் எறங்கினா பதினைஞ்சு.”

பாய் விரித்தேன். அவர் சலவை வேட்டியோடு மல்லாந்து படுத்தார். அம்மாவும் நானும் படுத்தோம்.

உச்சி வானத்தில் முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு நீலம் ஆழமாகிக்கொண்டே போனது. மாடி மெல்ல மிதப்பது போலிருந்தது. தெருவின் குக்கர் விசிலும், அம்பத்தூர் பக்கம் மின்சார ரயிலின் ஊதலும் வேறு யாருடைய ஊரிலோ கேட்டன. ஒரு நட்சத்திரம் முளைத்தது. எதற்காகப் படுத்திருக்கிறோம் என்பதே எனக்கு மறந்துபோனது.

வனிதா மட்டும் தெற்குப் பக்கக் கைப்பிடிச் சுவரருகே நின்றிருந்தாள்.

“இங்க பாருங்க, வானகரம் பக்கம் ஒண்ணு போவுது. லைட்டு மினுக்கவேயில்ல.”

“அது ஃப்ளைட்டு. நீ மேல பாரு” என்றேன், தலையைத் திருப்பாமல்.

“சத்தமும் இல்லியே?”

“தூரத்துல போவுதில்ல?” (தலையங்கம் எழுதுகிறவரின் நிதானத்தோடு.)

ஏழு மணி ஆனது. உச்சியில் எதுவும் வரவில்லை. செல்போனில் தகவலை மறுபடி திறந்தேன். அடியில் ஒரு படம் இருந்தது. நான் அதுவரை பார்க்காத படம். கீழே தொடுவானம், பூஜ்யம். மேலே உச்சி, தொண்ணூறு. பதினைந்து டிகிரி என்பது எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியின் உயரம்.

“காட்டு” என்று வனிதாவின் அப்பா கை நீட்டினார். மறைக்க வழியில்லை, கொடுத்தேன்.

“ஜீரோ கீழ கீதுப்பா. நீ தலைகீழா புட்ச்சினுகீறே.”

“சின்ன வயசுலேர்ந்தே இவன் இப்படித்தாங்க” என்றார் அம்மா, எனக்குப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு.

வனிதாவின் அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். கழுத்து வரவில்லை. அம்மாவும் நானும் ஆளுக்கொரு தோளைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்தோம். அம்மா தைலம் எடுக்க ஓடினார். முகம் வானத்தைப் பார்த்தபடியே இருக்க, அவர் மகளிடம் கேட்டார்:

“இன்னாம்மா சொல்றே? மேல எது, கீழ எதுன்னே தெரியாத பையன்.”

வனிதா இன்னும் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டடங்களுக்கு மேல் அவசரமில்லாமல் போய்க் கரைந்த அந்த வெளிச்சத்தை, எங்கள் நால்வரில் அவள் ஒருத்திதான் பார்த்திருந்தாள்.

“எனக்குத் தெரியுமே நைனா. ஊட்டுக்கு ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதாதா?”

அவர் சிரித்தார், உடனே “அய்யோ” என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கிடைத்த சம்மதம் அதுதான்.

இன்றும் ரயில் நேரமோ சிலிண்டர் வரும் நாளோ, நான் எதைச் சொன்னாலும் மாமனார் மரியாதையாகக் கேட்டுக்கொள்கிறார். பிறகு நாற்காலியோடு முழுதாகத் திரும்பி, மகளிடம் ஒருமுறை விசாரிக்கிறார். (கழுத்து அவ்வளவாகத் திரும்புவதில்லை.)