சளி தலைக்கேறிய அப்புசாமி

ஊருக்கு ஒருவராவது இருப்பார், 'ஒன்றுமில்லை'க்காரர். உடம்பு அனலாய்க் கொதிக்கும், மூக்கு ஒழுகும், இருமுகிற சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்து மாடு மிரண்டு கயிற்றை இழுக்கும். கேட்டால், "சளிதானுங்க, ஒண்ணுமில்லீங்க" என்பார். நோய் என்று ஒப்புக்கொண்டால் மானம் போய்விடுமாம். யாருடைய மானம்? அதை மட்டும் கேட்காதீர்கள்.

பாலக்காட்டுப் பக்கம் தமிழ் பேசும் எங்கள் வடகரப்பதியில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி, தென்னந்தோப்புக்காரர் அப்புசாமி. போன மழைக்காலத்தில் அவருக்கு ஃப்ளூ வந்தது. மனைவி கோமதி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார். அப்புசாமியோ மிளகுக் கஷாயத்தைக் குடித்துவிட்டு, நனைந்துகொண்டே தோப்பைச் சுற்றி, சொந்தக்காரர் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் கைகொடுத்து, இருமலையும் மொய்யாக வைத்துவிட்டு வந்தார்.

காய்ச்சல் விட்டது. "பாத்தியா?" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு காலையில், தேங்காய் வியாபாரியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தவருக்கு நாக்கு குழறியது. விலையை ஏற்ற இது புதுத் தந்திரம் என்று வியாபாரி நினைத்தாராம். போன் கையிலிருந்து நழுவி விழுந்தது. கோமதி ஓடி வந்தார்.

"ஏனுங்க, வாய் ஒரு பக்கமாக் கோணுதுங்க! ரெண்டு கையையும் தூக்குங்க பாக்கலாம்."

இடக்கை எழுந்தது. வலக்கை மடியிலேயே கிடந்தது.

"ஒண்ணு... மில்ல. சளி... தலைக்கு ஏறிருச்சு."

வாழ்நாளில் அவர் நோயைச் சரியாகக் கணித்தது அந்த ஒரு முறைதான். கோமதி சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டு கிருத்திகா காரை எடுத்து வந்தாள். சலவை வேட்டியை எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினார் அப்புசாமி.

"பொண்ணு பாக்கப் போகலீங்க. ஏறுங்க!" என்றார் கோமதி.

பாலக்காட்டில் ஸ்கேன் எடுத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். கை அசையத் தொடங்கிய பிறகு டாக்டர் ஜிஷா கட்டிலருகே வந்தார்.

"சேட்டா, இந்த ஃப்ளூ வைரஸ் செய்யுற கேடு மூக்கோட நிக்காது. அதோட உடம்பு சண்டை போடுறப்போ ரத்தக்குழாயோட உள்சுவர் வீங்கும், ரத்தம் சீக்கிரம் கட்டும். காய்ச்சல் விட்டாலும் கொஞ்ச நாள் ஆபத்து உண்டு. அப்படி ஒரு கட்டிதான் மூளைக்குப் போற குழாயை அடைச்சது. உங்களுக்கு பிரஷர் வேற. சேச்சி உடனே கொண்டுவந்ததால தப்பிச்சீங்க."

அப்புசாமி யோசித்தார். "அப்ப... ஆரம்பம்... சளிதானுங்களே?"

முகத்தின் ஒரு பாதி வெற்றியில் சிரித்தது. மறுபாதி இன்னும் அசையவில்லை. கோமதி எழுந்து வெளியே போய், ஆளில்லாத படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

இப்போது அப்புசாமி நடக்கிறார், நிதானமாகப் பேசுகிறார். பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சுப் பையை நீட்டியபடியே இருமுகிறார்கள். "டாக்டரப்... பாத்தீங்களா?" என்று அவரே கவலையோடு கேட்கிறார்.

"அட, எனக்கென்னங்க! தூசி."

இனம் அழியவில்லை, பாருங்கள். நீங்கள் அப்படியில்லை, தெரியும். ஒரு வாரமாக உங்கள் தொண்டையில் இருக்கிற அந்தக் கரகரப்பு வேறு விஷயம்.