படலை சாத்திய படலம்

வாழ்க கதிர்காமநாதன்! வவுனியா நகரின் கணினி வகுப்பொன்றிலே தட்டச்சுப் பழக்கும் தனிப்பெருந் தலைவன், நெடுங்கேணி மண்ணிலே மாடுகளோடு வளர்ந்த மதிநுட்பன், மவுஸ் ஏந்திய வலக்கரத்தோன், மூக்கு நுனிக்குச் சரிந்த கண்ணாடியோன் வாழ்க வாழ்க! இக்காவியத்தின் நாயகனும் இதை எழுதுகிறவனும் ஒரே ஆள்தான். என்னைப் புகழ வேறெவரும் முன்வராததால் அந்தப் பாரத்தையும் நானே சுமக்கிறேன். ஆயினும் காவியத்துக்கு அழகு என்பதால் 'அவன்' என்றே சொல்லிச் செல்வேன்.

மின்சாரம் என்னும் மாதேவியே! நினைத்தபோது வந்து, நினையாதபோது மறையும் நிலையில்லாச் செல்வியே! இக்கதை முடியுமட்டுமாவது போய்விடாதே.

இரண்டாயிரமாம் ஆண்டின் மாரிக்காலத்திலே, கொழும்பிலிருந்து வந்த கணினி விளையாட்டுச் சீடி ஒன்றினுள் ஒரு மேலைத்தேசத்து மாட்டுப்பட்டி ஒளிந்திருந்தது. அப்பட்டியிலே செவலைப் பசுவொன்றின் கன்றை எவனோ களவெடுத்துவிட்டான். அகன்ற தொப்பியும் முழங்கால் தொட்ட சப்பாத்தும் அணிந்த துப்பறிவாளனாகி, விளையாடுகிறவன் அக்கள்ளனைப் பிடிக்க வேண்டும்.

பிடித்தானா நம் தலைவன்? வைக்கோற்போர்களைப் பகைவர் கோட்டையெனக் கிளறினான். குதிரை லாயத்துள் புயலெனப் புகுந்தான். பாதி விளங்கிய ஆங்கிலத்திலே சமையற்காரனை வெருட்டினான். போகும்போதும் வரும்போதும் பட்டியின் வாசற் படலையைத் திறந்து, புகுந்து, திரும்பிப் பார்த்துச் சாத்தினான். படலை சாத்தாமற் போனவனை மனிதக் கணக்கில் சேர்க்காத ஊரிலே பிறந்தவனல்லவா அவன்! உள்ளே நின்று செவலைப் பசு ஓயாமற் கதறியது. கள்ளனோ வாரக்கணக்காக அகப்படவில்லை.

வகுப்பின் உரிமையாளர் தவராசா ஒருநாள் பின்னால் வந்து நின்றார்.

"சேர், வெள்ளிக்கிழமை பின்னேரம் இதை அழிச்சுப்போடுவன். பிள்ளையள் படிக்க வாற இடம் இது."

பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிப்பொலி கேட்ட சிங்கமெனக் கதிரையை விட்டெழுந்த கதிர்காமநாதன், எண்திசையும் கேட்கப் பிரகடனம் செய்தான்: "வெள்ளிக்கிடையில கள்ளனைப் பிடிக்காட்டி, ஒருத்தரும் என்னைச் சேர் எண்டு கூப்பிட வேண்டாம்!"

வயலையும் மாட்டையும் விட்டு இடம்பெயர்ந்து வந்தவனுக்கு மிஞ்சிய மரியாதை அந்த ஒரு சொல்தான். அதுவும் போனால் அவன் உண்மையாகவே அழுதிருப்பான்.

வெள்ளியும் விடிந்தது. வெண்சட்டையைக் கவசமாகத் தரித்து, வீட்டுப் படலையைத் திறந்து, சைக்கிள் என்னும் புரவியேறிப் பறந்தான் தலைவன். கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மனைவி அமராவதி பின்னாலிருந்து ஏதோ கூப்பிட்டுச் சொன்னாள். களம் நோக்கிப் புறப்பட்டவன் பின்குரலுக்குத் திரும்புவதுண்டோ? அவன் திரும்பவில்லை.

மாலையும் வந்தது. அழைத்துத் துதித்த மாதேவி அந்நேரம் பார்த்துப் போய்விட்டாள். முற்றத்திலே ஜெனரேட்டர் போர்முரசென முழங்க, "மண்ணெண்ணெய் முடியப்போகுது, கெதியா!" என்று தவராசா கத்த, வியர்வை ஆறாய்ப் பெருகத் தலைவன் அதே வைக்கோற்போரை மீண்டும் கிளறினான். அப்போது பக்கத்துக் கணினியில் தட்டச்சுப் பழகிக்கொண்டிருந்த மாணவி மஸீனா மெல்லச் சொன்னாள்.

"சேர், அந்தப் பசு கண்டுக்குட்டியைத் தேடித்தானே கத்துது? நீங்க ஏன் ஒவ்வொருக்காவும் படலையைச் சாத்துறீங்க? திறந்து விட்டா அது தானாப் போய்க் காட்டும்."

அந்தோ! கன்றைத் தேடும் பசுவை நூறு முறை கண்டவன், அதை இன்னொருத்தி சொல்லக் கேட்டான்! படலையைத் திறந்தான். சாத்தத் துடித்த வலக்கையை இடக்கையால் அமுக்கிப் பிடித்தான். திறந்த படலையைப் பார்த்துக்கொண்டிருப்பது, எதிரியின் அம்பு வரும் திசையில் நெஞ்சைக் காட்டி நிற்பதிலும் கொடிதாயிருந்தது. செவலைப் பசுவோ அசைந்து வெளியேறி, ஓடை கடந்து, அயற்பண்ணைக் கொட்டிலின் முன்னே போய் நின்றது. உள்ளே கன்று! பக்கத்திலே கள்ளன்!

"சேர் பிடிச்சிட்டார்!" என்று வகுப்பே ஆர்ப்பரித்தது. சேர்! அந்தச் சொல் தப்பிவிட்டது. ஜெனரேட்டரும் நின்றுவிட்டது.

வாகைசூடிய வேந்தனாய், மணியை விடாமல் அடித்தபடி வீடு நோக்கிப் பறந்த கதிர்காமநாதன், வாசலுக்கு வருமுன்னரே தெருவதிர முழங்கினான்: "அமராவதி! படலையைத் திறந்துவிட்டன், கள்ளன் பிடிபட்டான்!"

அமராவதி பாத்தி நடுவே கையில் தடியோடு நின்றாள்.

"ஓமப்பா, நீங்கள் திறந்துவிட்டிட்டுப் போனது தெரியுது."

பக்கத்து வீட்டு முத்துலிங்கத்தாரின் மாடு எங்கள் கத்தரிக்கன்று முழுவதையும் தின்றுவிட்டிருந்தது.