நிழலில் காய்ந்த வெந்நீர்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. அந்த மின்விசிறிக்கு நேராக உட்காருங்கள். வெயிலைப் பற்றிய கதை, கேட்கும்போதே வியர்க்கும். வெள்ளைக்காரன் சந்திரனில் கால் வைத்ததைப் பெரிதாகச் சொல்கிறார்களே, அதெல்லாம் நம் கொரட்டூர் செய்த சாதனைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வெயில் கொளுத்தும் ஏழை நாடுகள் எல்லாம் இனி எப்படி வெந்நீர் போட வேண்டும் என்று உலகத்துக்குக் காட்டிக்கொடுத்த ஊர் அது.

தொண்ணூறாம் வருஷம் வாக்கில் நடந்தது. ஏரிக்கரைப் பக்கம் 'அன்னையர் நலச் சங்கம்' என்று ஒரு சின்னப் பிரசவ விடுதி. அதன் பின்கட்டில் வெந்நீர் போடுகிறவள் அங்கம்மா. மண்ணூர்பேட்டையிலிருந்து விடியுமுன்னே நடந்து வந்து, செங்கல் அடுப்பில் சவுக்குக் கட்டையைச் சொருகி, அண்டா நிறையக் காய்ச்சி, பிள்ளை பெற்றவர்களுக்கு இடுப்பில் பதமாக ஊற்றுவாள். அவள் புருஷன் துலுக்கானம் பந்தல் போடுகிறவன். கல்யாண மாதங்களில் ராஜா; மற்ற மாதங்களில் அவன் விடுகிற கொட்டாவிதான் வீட்டில் பெரிய சத்தம். இரண்டு பெண்களின் படிப்பும் சோறும் அந்த அண்டாவில்தான் வெந்தன.

சங்கச் செயலாளர் பிரகாசம் ஒருநாள் மதிய உணவுடன் கூடிய கருத்தரங்கு ஒன்றுக்குப் போனார். போகும்போது மனிதராகப் போனவர், திரும்பும்போது 'மரபுசாரா எரிசக்தி'யாகத் திரும்பினார். மொட்டைமாடியில், வெயிலிலேயே தண்ணீர் காய்ச்சுகிற கறுப்புக் கண்ணாடிப் பெட்டியும் அதன் தலைமேல் ஒரு தொட்டியும் வந்து இறங்கின. அரசாங்க அதிகாரி ஒருவர் நேரில் வந்து, குழாயைத் திறந்து, சுடுகிறது என்று தம் திருக்கரத்தால் உணர்ந்துவிட்டால் மானியம் உறுதி.

"அங்கம்மா, நாட்டுக்கு நல்ல காலம் பொறந்துடுச்சு. திறப்பு விழா முடிஞ்சதும் நீ வேலையிலிருந்து நின்னுக்கலாம்" என்றார் பிரகாசம், வாழ்த்துச் சொல்கிற குரலில்.

"நான் இன்னா சார் தப்பு பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. சூரியன் கூலி கேக்காது பாரு."

"அது ஏன் சார் கேக்கப் போவுது? அதுக்கு இன்னா ரெண்டு பொண்ணா கீது, இஸ்கூலுக்கு அனுப்ப?"

இந்தக் கருத்து சங்கத்தின் கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது. அதாவது, பிரகாசம் எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தால் துலுக்கானம் சிரித்துக்கொண்டு நிற்கிறான். "இன்னாமே, மூஞ்சி தொங்குது? ஒங்க விடுதி மாடில பந்தல் போட எனக்குத்தான் ஆர்டர் வந்துகீது! வர்ற ஆபீசருக்கு வெயிலு ஒத்துக்காதாம். கீத்து ரெட்டையா போடச் சொல்லிட்டாங்க."

"என் பொயப்பக் கெடுக்கிற விழாவுக்கு நீ பந்தல் போடுவியா?"

"புரட்டாசில பந்தல் கேக்கறவன் தெய்வம்மே!"

தெய்வத்துக்குக் குறை வைக்கலாமா? விழாவுக்கு முந்தின நாளே மாடி முழுக்கப் பந்தல் எழும்பியது. ரெட்டைக் கீற்று, அடியில் வெள்ளைத் துணி, ஓரத்தில் ஜாலர். நாற்காலிகள், ஒலிபெருக்கி, ஜரிகை மாலை போட்ட கண்ணாடிப் பெட்டி, எல்லாம் குளுகுளு நிழலில். ஒரு பொட்டு வெயில் உள்ளே வரட்டும் பார்க்கலாம்! துலுக்கானம் வேலையில் சுத்தம்.

விழா நாள் காலை. பிரகாசம் ஒத்திகைக்காகக் குழாயைத் திறந்தார். பானைத் தண்ணீர் தோற்றது, அவ்வளவு ஜில்லிப்பு. பெட்டி பொருத்த வந்திருந்த மெக்கானிக் மேலே அண்ணாந்து பார்த்தார்.

"சார், வெயில் பட்டாத்தானே சூடாகும்?"

"பந்தலைப் பிரிச்சா?"

"பிரிக்கலாம். தண்ணி சாயங்காலம் சூடாகும்."

"ஆபீசர் உடனே சூடாயிடுவாரேய்யா!" என்று பிரகாசம் தலையில் கைவைத்தார். பிறகு பந்தல்காரன் பக்கம் திரும்பினார். "எல்லாம் உன்னால வந்தது. விழா கெட்டுதுன்னா கூலி கிடையாது, சொல்லிட்டேன்."

"நீதானே நைனா ரெட்டையா கேட்ட?" என்றான் துலுக்கானம். அதையும் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பிரகாசம் பின்கட்டுக்கு ஓடினார். அங்கே அண்டா தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"அங்கம்மா, சூரியனுக்குக் கொஞ்சம் கை குடும்மா!"

விஷயத்தைக் கேட்டதும் அங்கம்மா மனசுக்குள் கணக்குப் போட்டாள். இந்தத் தண்ணீரை மேலே ஏற்றினால் பெட்டி ஜெயிக்கும், நாளைக்கு அவளுக்கு வேலை இல்லை. ஏற்றாவிட்டால் பெட்டி தோற்கும், அவள் வேலை நிலைக்கும். ஆனால் புருஷன் கூலி போகும், கீற்றைக் கடனாகக் கொடுத்தவன் வீட்டு வாசலில் வந்து நிற்பான். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடி அவளுக்கு.

"இது கஸ்தூரிக்கு வெச்ச தண்ணி சார். புள்ள பெத்தவ, காத்துகினு கீது."

"கஸ்தூரி அப்புறம் குளிக்கட்டும். வளரும் நாடுகளோட எதிர்காலம் அங்கம்மா!"

அவள் மாடியைப் பார்த்தாள். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு துலுக்கானம், திட்டு வாங்கின பிள்ளைபோல நின்றுகொண்டிருந்தான். அண்டாவில் சொம்பை விட்டாள். குடம் குடமாக வெந்நீர் மாடிப்படி ஏறியது; மெக்கானிக் தொட்டியிலிருந்த ஜில் தண்ணீரை வடித்துவிட்டு, மூடியைத் திறந்து ஊற்றி மூடினார்.

அதிகாரி வந்தார். ரிப்பனை வெட்டினார். குழாயைத் திறந்து கையை நீட்டினார்.

"ஆ!" என்று அலறி, கையை உதறினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

"அற்புதம்! நிழல்லயே இவ்வளவு சூடுன்னா, வெயில்ல வெச்சா எப்படி இருக்கும்!" என்று ஒலிபெருக்கியில் வியந்தார். பிறகு மூக்கைச் சுருக்கினார். "லேசாப் புகை வாசனை வருதே?"

"சூரியன் எரியறது சார்" என்றார் பிரகாசம்.

அப்போது கீழேயிருந்து கஸ்தூரியின் குரல்: "யக்கா! என் வென்னி எங்கக்கா?"

"யாரது?"

"பயனாளி சார். ஆர்வம் தாங்கல."

அதிகாரி அங்கேயே விடுதியை 'மாதிரி மையம்' என்று அறிவித்துவிட்டார். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று வாரம் ஒரு குழு பார்வையிட வரத் தொடங்கியது. வந்தவர்கள் எல்லாரும் சூரிய சக்தியில் அசையாத நம்பிக்கை உள்ளவர்கள். வெயில் மட்டும் ஒருவருக்கும் ஒத்துக்கொள்ளாது. அதனால் பந்தலைப் பிரிக்கவே முடியவில்லை. பந்தல் இருந்ததால் அங்கம்மாவை நிறுத்தவும் முடியவில்லை. அவளுக்கு 'சூரிய வெப்ப உதவியாளர்' என்று பதவி உயர்வு. கீற்று மாற்ற வருஷம் முழுக்கத் துலுக்கானம். விறகு மட்டும் முன்னைவிட இரண்டு மடங்கு. சூரிய சக்தி வேலைவாய்ப்பைப் பெருக்கும் என்று கருத்தரங்கில் சொன்னபோது நம்பாதவர்கள் இப்போது வாயை மூடிக்கொண்டார்கள். குழு வருகிற நாட்களில் பிள்ளை பெற்றவர்கள் பச்சைத் தண்ணீரில் உடம்பைத் துடைத்துக்கொண்டு முன்னேற்றத்துக்கு ஒத்துழைத்தார்கள்.

அத்தனை பெரிய திட்டத்தில் வேலை கிடைக்காமல் போனது ஒருவருக்குத்தான். அவர் பாவம், பந்தலுக்கு மேலே, தினமும் தவறாமல் வந்து, யாரும் கூப்பிடாமல் காய்ந்துவிட்டுப் போனார்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டு மொட்டைமாடியில் வெயில் தாராளமாக விழட்டும். பிள்ளை பெற்று வருகிற பெண்ணுக்குக் கேட்ட நேரத்தில் வெந்நீர் கிடைக்கட்டும். வெயிலின் அருமையை நிழலில் உட்கார்ந்து விளக்குகிற பெரிய மனிதர் எவரும் உங்கள் மாடிப்படி ஏறாமல் இருக்கட்டும்.