குடைக் கொடி கட்டிய கப்பல்

மதிப்புக்குரிய மச்சானுக்கு அத்தான் எழுதுவது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் உன் கப்பலை நடுக்கடலில் மூழ்கடித்தது நான்தான். கூலிக்கு ஆள் வைத்துச் செய்தேன். சரக்கு முழுவதும் போய்விட்டது. மாலுமிகள் நீந்திக் கரை சேர்ந்ததாகத் தகவல். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதை நிதானமாகப் பேசலாம் என்பதால் நலம் விசாரிப்பதை இரண்டாவதாகத் தள்ளியிருக்கிறேன். நீ நலம்தானே? தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம் என்று நம்புகிறேன். நான் சுகமில்லை. நெஞ்சைத் திறந்து, அடைத்துக்கொண்ட குழாய்களுக்குப் பக்கத்தில் புதுப் பாதை போடப் போகிறார்கள். வருகிற மாதம் முதல் திங்கட்கிழமை. கடை ஷட்டரைத் தூக்கி இறக்குகிற மாதிரி சாதாரணமாகச் சொல்கிறார் டாக்டர். அவர் தூக்கிப் பழகியவர், நான்தானே ஷட்டர். அன்றைக்குக் காலையிலிருந்து கூட இருக்க ஓர் ஆள் வேண்டுமாம். மகள் கடையைப் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை ரத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். உன் அக்கா செவ்வாய்க்கிழமையிலிருந்து என்னோடு பேசுவதில்லை. ஆகவே இந்தக் கடிதம். நீதான் வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

போனில் சொல்லியிருக்கலாம். அடித்தால் இரண்டாவது மணியிலேயே நின்றுவிடுகிறது. யார் என்று பார்த்துவிட்டு நீ அமுக்கிவிடுகிறாய் என்பது தெரியாத அளவுக்கு எனக்கு மூளை அடைக்கவில்லை, நெஞ்சுதான் அடைத்திருக்கிறது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கடைக்குப் போகக் கூடாது, படி ஏறக் கூடாது, கத்தக் கூடாது என்று டாக்டர் மூன்று கட்டளை போட்டார். முதல் இரண்டும் புரிந்தது. கத்தாமல் ஒரு மனிதன் கயிறும் தார்ப்பாயும் எப்படி விற்பான்? முன்னறையில் ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டு என்னை அதில் இறக்கி வைத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர். சுவரில் ஒரு தண்ணீர்க் குழாய், குழாயில் ஒரு கசிவு. காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தச் சொட்டுதான் எனக்குக் கடைத்தெரு. மகள் வந்து கணக்கு ஒப்பிப்பாள் என்று காத்திருந்தால், "எல்லாம் ஓகேப்பா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விடுகிறாள். அதற்கு மேல் கேட்டால் நெஞ்சுக்கு ஆகாதாம். ஒருநாள் மூட்டை தூக்குகிறவனை வரவழைத்து ரகசியமாக விசாரித்தேன். கல்லாவுக்குப் பின்னால் இருந்த என் நாற்காலியை எடுத்துவிட்டாளாம், அந்த இடத்தில் கம்ப்யூட்டராம், கூட்டம் முன்னைவிட அதிகமாம். "யாரும் யாரையும் திட்டறதில்ல முதலாளி, அதனால வேலை சீக்கிரம் முடிஞ்சிடுது" என்று என் முகத்தைப் பார்த்தே சொல்கிறான். கேட்டு நீ சந்தோஷப்பட்டுவிடாதே. நீயும் நானும் இல்லாமல் கடை நன்றாக நடக்கிறது என்பதுதான் செய்தி. அதில் உன் பங்கும் உண்டு.

என் முகம் போன போக்கைப் பார்த்து மாப்பிள்ளை ஒரு டேப்லெட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். "மாமா, இது பழைய காலத்துக் கப்பல் வியாபாரம், உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்றார். உன் அக்காவின் போனிலும் எதையோ ஏற்றிக் கொடுத்தார். தையல் பாடமாம். அவளும் அன்றிலிருந்து சமையலறையில் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இன்றுவரை ஒரு தலையணை உறை வந்தபாடில்லை. நம் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சின்னத் துறைமுகம், ஒரு பாய்மரக் கப்பல், கொஞ்சம் முதல், இவ்வளவுதான் கொடுத்துக் கடலில் தள்ளிவிடுகிறார்கள். மலிந்த ஊரில் வாங்க வேண்டும், காற்று பார்த்து ஓட்ட வேண்டும், ஏறின ஊரில் விற்க வேண்டும். எங்கெங்கோ வீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாரும் அதே கடலில்தான் ஓட்டுகிறார்கள். முதலில் இளக்காரமாகத்தான் பார்த்தேன். அதில் யாரும் கடன் சொல்வதில்லை. மாலுமி அட்வான்ஸ் கேட்பதில்லை, மாமனார் செத்துப்போனார் என்று லீவு போடுவதில்லை. சரக்கை இறக்கினவுடன் காசு விழுகிறது. இதை எழுதினவன் கடை வாசலைக்கூடத் தாண்டாதவன் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மச்சான், முதல் மிளகுச் சுமையை விற்ற அன்றைக்கு எனக்குப் பசித்தது. ஆஸ்பத்திரி வாசனை ஏறினதிலிருந்து அதுதான் முதல் பசி.

அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. நல்ல வியாபாரத்துக்கு நடுவில் ஒருநாள் திரையில் ஏதோ கட்டம் வந்து நின்றது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்க கப்பல் தலைவருக்கு வயசாகிடுச்சாம் மாமா, வாரிசு பேரைப் போடச் சொல்லுது" என்றார். வீட்டில்தான் மெல்ல மெல்லக் கேட்கிறார்கள் என்றால் கடலிலுமா? காலியாக விட்டேன். தினமும் வந்து கேட்கிறது. காலியாகத்தான் விடுகிறேன்.

இந்தச் சமயத்தில்தான் நீ வந்து சேர்ந்தாய். அந்த விளையாட்டில் கொடியை நாமே வரைந்துகொள்ளலாம். ஒருவன் சிங்கம் போடுகிறான், ஒருவன் மண்டை ஓடு போடுகிறான். நான் ஒரு கயிற்றுச் சுருளைப் போட்டிருந்தேன். நீ குடை போட்டிருந்தாய். பேர் எழுதும் இடத்தில் வெறும் ஒரு புள்ளி. உலகத்தில் எந்தக் கடலோடி குடையைக் கொடியாகக் கட்டுவான்? சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்று பேச்சுக் கொடுத்தேன். தமிழில் பதில் வந்தது. கிராம்பு என்ன விலை என்று கேட்டாய். சொன்னேன். பேச்சு மூச்சு இல்லை. நான் தவித்து, விலையைக் குறைத்து, இன்னும் குறைத்து எழுதினபிறகு, "சரி. மேல ரெண்டு மூட்டை ஜாதிக்காய் கொசுறு போடுங்க" என்று வந்ததே, அந்த இடத்தில் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன். கப்பல் சரக்குக்குக் கொசுறு கேட்கிற குடும்பம் இந்தப் பூமியில் ஒன்றுதான். உன் அப்பா ஊசி போட்டுக்கொள்ளப் போன இடத்தில் மாத்திரை கொசுறு கேட்டவர். உன் அக்கா கண்ணாடிக் கடையில் துடைக்கிற துணியை இரண்டாக வாங்கிக்கொண்டு வந்தவள். நான் பிறந்ததிலிருந்து யாருக்கும் கொசுறு போட்டதில்லை என்பது உனக்கே தெரியும். "யார் நீ?" என்று கேட்டேன். "வாங்க வந்தவங்களை யாருன்னு கேட்டா வியாபாரம் ஆகுமா?" என்று பதில். சரிதான், அப்படியே இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். தினமும் மத்தியானம் நாம் சண்டை போட்டோம். நான் ஏலக்காய்க்கு ஒரு விலை சொல்வேன், நீ சிரிப்பு பொம்மை ஒன்றை அனுப்புவாய். உள்ளதைச் சொன்னால் அந்த ஒரு வேளைக்காகத்தான் காலையில் பல் துலக்கினேன்.

பிறகு உன் புத்தியைக் காட்டினாய். புயலில் என் கப்பல்களின் பாய் எல்லாம் கிழிந்து கிடந்தது. கயிறு வாங்கப் போனால் எந்தத் துறைமுகத்திலும் கயிறு இல்லை. மலிவாக இருக்கிறது என்று ஒட்டுமொத்தமாக நீ அள்ளிக்கொண்டு போயிருக்கிறாய். மழை முடிந்த கையோடு நம் கடைக்கு ஒரு லாரி குடையை அள்ளிக்கொண்டு வந்தாயே, அதே கை, அதே கணக்கு. கயிறு வியாபாரிக்கே கயிறு இல்லை! மானத்தை விட்டுக் கேட்டேன், என்ன விலை என்று. "கயிறு வேணும்னா நேர்ல வந்து கேளுங்க" என்று எழுதினாய். நேரில் என்றால்? நீ தனியாகப் போட்டிருக்கிற கடை வாசலில் வந்து, உன் ஆட்கள் பார்க்க, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நான் நிற்க வேண்டுமா? ரத்தம் கொதித்தது. அதே கடலில் கூலிக்குக் கிடைத்த ஒரு கொள்ளைக்காரனைப் பிடித்தேன். நல்ல மனுஷன், சொன்ன நேரத்துக்கு வந்தான், சொன்ன வேலையை முடித்தான், டீச்செலவு என்று தலையைச் சொறியவில்லை. நம் லாரிக்காரர்கள் அவனிடம் பாடம் படிக்க வேண்டும். குடைக் கொடி தண்ணீருக்குள் போனபோது நான் கட்டளையை மறந்து கத்திவிட்டேன். "உன் தம்பி கப்பல் போச்சு! குடையோட போச்சு!" உன் அக்கா சமையலறையிலிருந்து ஈரக் கையில் போனோடு வந்தாள். என் மடியில் இருந்ததைப் பார்த்தாள். "நல்லா இருங்க" என்றாள். திரும்பிப் போய்விட்டாள்.

அதோடு சரி. இப்போது அவள் ஃபிரிட்ஜிடம்தான் பேசுகிறாள். "சாப்பாடு மேசைமேல இருக்கு, சாப்பிடறவங்க சாப்பிடலாம்" என்று அதன் கதவைப் பார்த்துச் சொல்கிறாள். "மாத்திரை போட்டாச்சான்னு கேளு" என்கிறாள். அது உறுமுகிறது. நானும் ஃபிரிட்ஜிடமே "போட்டாச்சுன்னு சொல்லு" என்கிறேன். பகலில் வீட்டில் இருக்கிற மூன்று பேரில் அதுதான் எல்லோரோடும் சுமுகமாக இருக்கிறது. மத்தியானத்தில் திரையைத் திறந்து பார்க்கிறேன். கடல் காலியாக இருக்கிறது. ஜெயித்தவனுக்கு யாரிடமும் விற்க முடியவில்லை. குழாய் சொட்டுகிறது.

ஆகவே வியாபாரமாகவே பேசுவோம். உனக்குப் புதுக் கப்பல் கட்டிக் கொடுக்கிறேன். நீ கயிற்றை நியாய விலைக்கு விடு. நீ வீட்டு வாசலில் வந்து நின்றால் உன் அக்காவுக்கு வாய் திறக்கும். குடை விஷயத்தை நான் எடுக்க மாட்டேன். எடுக்க மாட்டேன் என்று சொல்வதற்காக ஒரே ஒரு தடவை எடுக்கிறேன்: கிடங்கில் அவை இன்னும் அப்படியே கிடக்கின்றன, எலிகூடச் சீந்தவில்லை. அந்தக் குடைகளுக்காக அன்றைக்குக் கடையில் கூட்டத்துக்கு நடுவில் நான் உன்னைத் திட்டினதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. நீ சாவியைக் கல்லாவின்மேல் வைத்துவிட்டுப் போன விதம்தான் அநியாயம். ஒரு வார்த்தை திருப்பித் திட்டியிருக்கலாம். இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன், மனதில் போட்டுக்கொள். இறக்கின ஷட்டர் ஒருவேளை மேலே வராமலே போய்விட்டால், கிடங்கின் உள்பூட்டை அழுத்தி இடது பக்கம் நெம்பித் திருப்ப வேண்டும் என்பது உன்னையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. மகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடு. கம்ப்யூட்டர் அந்தப் பூட்டைத் திறக்காது.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, கடைப் பக்கமே வராமல் பிழைத்துக்கொள்ள என் ஆசிகள். உன் கடையில் வியாபாரம் சுமாராக நடக்கட்டும் என்று வாழ்த்துகிறேன். ரொம்ப நன்றாக நடந்தால் நீ வர மாட்டாய்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: மேலே உள்ளதை உறையில் போட்டு ஒட்டச் சொல்லி மேசைமேல் வைத்தேன். உன் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தாள். படித்துவிட்டு, ஃபிரிட்ஜிடம் இல்லை, என்னிடமே கேட்டாள்: "அவன் கப்பல்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"பின்னே யாரோடது?"

போனை என் முன்னால் வைத்தாள். கரையில் ஓர் ஓட்டைப் படகு, அதில் குடைக் கொடி. "அவனுக்கு சீட்டாட்டம்கூட வராது. அவன் எங்க கடல்ல வந்து உங்ககிட்ட கிராம்பு வாங்கப் போறான்?"

"அப்போ தையல் பாடம்?"

"கிழிஞ்ச பாயைத் தைக்கிற அளவுக்கு வந்திருக்கு."

"குடை எதுக்குப் போட்டே?"

"உங்க கண்ணுல படட்டும்னுதான். குடை பட்டுச்சு, ஆளு படல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "கடையை விட்டு வந்ததுலேருந்து இந்த வீட்ல நீங்க என்கிட்ட பேசினது 'தண்ணி', 'ஃபேனைக் குறை', அவ்வளவுதான். அங்கதான் என்கிட்ட நாலு வார்த்தை பேசினீங்க. ரெண்டு மூட்டை ஜாதிக்காய்க்கு மத்தியானம் பூரா சண்டை போட்டீங்க. நேர்ல வந்து கேளுங்கன்னு எழுதினேன். நாற்காலியை விட்டு எழுந்து வந்தா சமையலறை. கொள்ளைக்காரனை அனுப்பிட்டீங்க."

கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றேன். "வேணாம், அப்படியே போகட்டும். படிச்சு சிரிச்சிட்டு வருவான். நீங்க மறுபடி எழுதினா இதைவிட மோசமாத்தான் எழுதுவீங்க" என்றாள். ஆகவே மச்சான், மேலே உன் கப்பல், உன் கயிறு, உன் கொசுறு என்று வருகிற இடத்தையெல்லாம் அடித்துவிடு. உன்மேல் மிச்சம் இருப்பது குடை ஒன்றுதான், அதற்கும் இப்போது வழக்கு இல்லை. பேசி முடித்த விவரம்: கப்பலுக்குப் பதில் கப்பல், மூழ்கினதைவிட ஒரு பாய்மரம் கூடுதலாக. கிராம்புத் தீவு அவளுக்கு. கயிறு எனக்கு, அவள் வாங்கின விலைக்கே. வாரிசுக் கட்டத்தில் அவள் பெயர். அதை இப்போதே போட்டாயிற்று, இனி அது கேட்காது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ குடும்பத்தோடு சாப்பிட வருகிறாய், நான் குடை என்ற சொல்லை எடுப்பதில்லை, வெளியே மழை கொட்டினாலும். முதல் திங்கட்கிழமை காலையில் அக்காவும் தம்பியும் ஆஸ்பத்திரிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறீர்கள். எல்லாம் ஒத்துக்கொண்டு எழுந்திருக்கும்போது வழக்கம்போல் உன் அக்கா கொசுறு கேட்டாள், நான் அன்றைக்குக் கதவைத் திறந்துகொண்டு திரும்பி வர வேண்டுமாம். பேரம் பேசாமல் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.