ஏழாவது மாடியில் யாருமில்லை

பயமே இல்லை என்று சொல்லிக்கொள்கிறவர்களுக்கு ஒரே ஒரு பயம் உண்டு: தங்கள் பயம் வெளியே தெரிந்துவிடுமோ என்பது. என்னுடையது முந்நூறு பேருக்குத் தெரிந்தது. அதுவும் ஒலிபெருக்கியில்.

ஓசூர் ஓரத்தில், கம்பெனித் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஒன்பது மாடி அரசுக் குடியிருப்பு அது. அங்கே தீ பாதுகாப்பு வேலை எடுத்திருந்த ஒப்பந்ததாரரிடம் நான் மேற்பார்வையாளராகச் சேர்ந்து மூன்று மாதம். சொந்த ஊர் சாமல்பட்டி. தலையில் ஹெல்மெட் ஏறியதும் என் நடையே மாறியிருந்தது. (லிஃப்ட்டில் கண்ணாடி இருந்தது, அதனால் தெரியும்.) மாடிக்கு மாடி சிவப்புத் தண்ணீர்க் குழாய், தானாக மூடிக்கொள்ளும் கனத்த இரும்புக் கதவு, அறிவிப்பு ஸ்பீக்கர் எல்லாம் பொருத்தியாயிற்று. மிச்சம் ஒத்திகைதான்.

மார்கழிப் பனி விலகாத காலை. அபாய மணி அடித்ததும் சனங்கள் இறங்கி வாசலில் கூடினார்கள். லிஃப்ட்டை நிறுத்தினோம். கல்யாண மேடைக்குப் புகை விடும் மெஷினை வாடகைக்கு எடுத்து, படிக்கட்டில் புகை விட்டோம் (யோசனை என்னுடையது). எல்லா மாடியும் காலியா என்று பார்க்க, வாக்கி டாக்கியுடன் நானே ஏறினேன். இன்னொன்று வாசலில் வாட்ச்மேன் முனியப்பாவிடம். என் உத்தரவுகளை ஊரே கேட்கட்டும் என்று, அதை மைக்குக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருந்தேன்.

நாலாவது மாடியைத் தாண்டியதும் கீழிருந்த சத்தம் அறுந்துபோனது. சன்னலில்லாத படிக்கட்டு. புகையில் என் கையே எனக்குத் தெரியவில்லை. மூடிய கதவுகளுக்குப் பின்னால் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள்: "பதற்றப்படாதீங்க. யாரும் உள்ளே இருக்காதீங்க." நான் பதிவு செய்து கொடுத்த குரல்தான். ஆனால் காலி வீடுகளுக்கு நடுவே என் குரல் நானில்லாமல் அலைவதைக் கேட்டபோது, முதுகில் ஈரத்துணி போட்டதுபோல் இருந்தது. பிறகு அதுவும் நின்றது.

டங்.

குழாயில் எதுவோ தட்டியது. ஒரு படி ஏறினேன். டங். நின்றேன். அதுவும் நின்றது. ஏழாவது மாடிக் கதவை நெருங்கியபோது, உள்ளே தரையோடு தரையாக ஒரு குரல் இழுத்தது: "யாரு... இல்லி பன்னி..."

(கன்னடத்தில் 'இங்கே வாங்க'. ஓசூரில் குழந்தைக்கும் தெரியும். சாமல்பட்டிக்காரிக்குத் தெரியவில்லை. பேய் என்னைப் பன்னி என்கிறது என்றே நினைத்தேன்.)

கீழே ஓடினேன். நெஞ்சோடு இறுக்கியதில் வாக்கி டாக்கியின் பொத்தான் அமுங்கியிருந்ததை உணரவில்லை.

"சாமி, என்னை விட்டுரு. எங்க வீட்டுல நான் ஒருத்திதான் சம்பாதிக்கறேன். ஆள் வேணும்னா கீழ முனியப்பா இருக்கான், புடிச்சுக்க."

(அதுவரை அவரை 'அண்ணா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.)

வாசலில் முந்நூறு பேரும் என்னையே பார்த்தார்கள். முனியப்பா மைக்கை அணைத்தார். "மேடம், என்னை யாருக்குக் குடுத்தீங்க?"

நான் வாய் திறப்பதற்குள், ஷிப்ட் முடிந்து வந்த ஒரு பெண் சாப்பாட்டுப் பையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "எங்க வீட்டுக்காரரு எங்கங்க? ஏழாவது மாடி. மெஷின்ல காலு போனவரு."

முனியப்பாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி படியேறினேன். இந்த முறை பயம் வேறு மாதிரி இருந்தது.

கதவுக்குப் பின்னால், ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு பசவராஜ் தரையில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் போட்ட கதவை இழுக்க இரண்டு கையும் வேண்டும். அவருக்கு ஒரு கை ஊன்றுகோலுக்குப் போய்விடும்.

"கால் சத்தம் கேட்டுச்சு, கோலால குழாயத் தட்டினேன். நீங்க திரும்பி ஓடினதும்தான் நெஜமாவே தீன்னு நெனச்சேன்."

"ஒத்திகைங்க" என்றேன்.

"சரிம்மா. நெஜமா புடிச்சா நான் எப்படி எறங்கறது?"

நிஜமாகப் பிடித்தால் லிஃப்ட்டும் ஓடாது. நாற்காலியில் உட்காரவைத்து, ஏழு மாடியும் தூக்கி இறக்கினோம். அடுத்த வாரம் வீடு வீடாகப் போய், இறங்க முடியாதவர்களின் பெயரை எழுதினேன். இன்னும் நாலு பேர் இருந்தார்கள். பெரிய போராட்டத்துக்குப் பிறகு ஐந்து பேருக்கும் தரைத்தளத்தில் வீடு மாற்றிக் கொடுத்தார்கள்.

என் கல்யாணத்துக்கு முனியப்பா வந்தார். மேடையேறி மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், இதுவரைக்கும் நான் இருந்தேன். இனிமே நீங்க" என்றார். முழுக் கதையையும் அங்கேயே சொல்லிவிட்டுத்தான் சாப்பிடப் போனார்.

இன்றும் வீட்டில் ஒரு கரப்பான் பூச்சி வந்தால் போதும். நான் வாய் திறக்கும் முன்பே, "தெரியும், என்னைத்தான் புடிச்சுக்கச் சொல்லுவ" என்று என் கணவர் துடைப்பத்தோடு எழுந்துவிடுகிறார்.