அண்ணன் வேனும் பெரியப்பா எண்ணிய தும்மலும்

கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மூக்கு கிடையாது. மூக்குத்தி போட, கண்ணாடி மாட்ட, அடுத்த வீட்டு விஷயத்தில் நுழைக்க என்று ஒன்று முகத்தில் இருக்கும், அவ்வளவுதான். மிளகும் சுக்கும் வற்றல் மிளகாயும் குவிந்து கிடக்கிற தெருவில் பால்குடி வயதிலிருந்து மூச்சு விட்டவர்களுக்கு நெடி என்றால் என்னவென்றே தெரியாது. இந்தச் சின்ன உண்மை எனக்கு உறைத்தபோது, என் அண்ணன் கல்யாணத்தைக் கிட்டத்தட்டக் குழியில் இறக்கியிருந்தேன்.

அண்ணன் செல்வம் அப்போது கொச்சங்காடியில் ஒரு மசாலாக் கிடங்கில் லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யாரோ ஒரு வெள்ளைக்காரர் பல தேசம் தாண்டி ஓட்டிவந்து, இங்கே விற்றுவிட்டு விமானம் ஏறிப்போன பழைய வேன் ஒன்று, கை மாறிக் கை மாறி அந்தக் கிடங்கின் பின்னால் நின்றது. உள்ளேயே படுக்கலாம், சமைக்கலாம், அந்த மாதிரி வேன். எஞ்சின் ஓடும். ஆனால் மழைத் தண்ணீர் இறங்கிப் பலகையெல்லாம் உளுத்து, சீட்டுப் பஞ்சுக்குள் எலி குடித்தனம் நடத்தியது. அண்ணன் அதை ஆசை ஆசையாய் வாங்கினான். மூணாறுக்கு டூரிஸ்ட் ஏற்றப் போவதாக ஊரில் சொல்லிக்கொண்டான்.

உண்மைக் காரணம் பொள்ளாச்சியில் இருந்தது. பெயர் கலா. ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தியில் சாம்பார் வாளியோடு போனவளைப் பார்த்ததிலிருந்து அண்ணனுக்கு வேறு பெண் கிடையாது. ஜாதகமும் பொருந்திவிட்டது. ஆவணியில் பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அங்கேதான் இடித்தது. எங்கள் வீட்டில் நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் சந்தில் நிற்க வேண்டும்.

"இந்த வீட்டைக் கண்டா படியோட திரிச்சுப் போயிருவாங்கடீ" என்றான் அண்ணன். (எங்கள் தமிழ் அப்படித்தான். திரும்பிப் போவதுகூட மலையாளத்தில்தான் போகும்.)

"வீட்டை ஒண்ணும் செய்ய ஒக்காதுண்ணா. வேனை வீடாக்கிரலாம். ஸ்டேஷன்லேர்ந்து அதுலயே கொண்டு வரலாம்" என்றேன்.

சீட் தைக்கிறவர் கேட்ட கூலியில் நாங்கள் இன்னொரு வேனே வாங்கலாம். அதனால் நாமே செய்வது என்று முடிவாயிற்று. நான் தையல் வகுப்புக்குப் போனவள். ஜாக்கெட்டுக்குக் கை வைக்கத் தெரிந்தவளுக்கு சீட் தைக்க வராதா என்ன? என்ன ஒரு திமிர் எனக்கு! (அந்த ஜாக்கெட்டுகளைப் போட்டவர்களைக் கேட்டிருக்க வேண்டும்.)

வைகாசிப் பாதியில் பிடிக்கிற இடவப்பாதி மழை முழுக்க வேலை நடந்தது. அண்ணன் வேலை முடிந்து வந்து, பலகை அறுத்து, இழைத்து, பாலிஷ் போட்டான். மடக்கினால் சீட், விரித்தால் கட்டில். கலா வளையல் கழற்றி வைக்க என்று ஜன்னலோரம் ஒரு குட்டி மாடம்கூடச் செய்தான். கேட்டால் "சாயா கிளாஸ் வைக்கிறதுக்கு" என்பான், காது மட்டும் சிவந்துவிடும். தகரச் சுவரின் சூடு உள்ளே வராமல் இருக்க, தகரத்துக்கும் பலகைக்கும் நடுவில் எதையாவது திணிக்க வேண்டும். சீட்டுக்குள் தேங்காய் நாரைப் பொதியவும் உறை வேண்டும். எனக்குப் பளிச்சென்று யோசனை வந்தது. கிடங்கில் காலிச் சாக்கு சும்மாதானே கிடக்கிறது?

"மொளகாச் சாக்குடீ. கழுவணும்லா?" என்றான் அண்ணன்.

நான் ஒரு சாக்கை முகத்தோடு சேர்த்து வைத்து ஆழமாக முகர்ந்தேன். "ஒரு வாசமும் இல்லண்ணா. இந்த மழையில கழுவினா எப்பக் காயும்?"

அவனும் முகர்ந்தான். அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. சாக்கைத் திணித்து, மேலே மெரூன் நிறத் துணியை மடிப்பு மடிப்பாய் வைத்துத் தைத்தேன். அக்கம்பக்கத்தில் எல்லோரையும் உள்ளே உட்கார வைத்துச் சாயா கொடுத்துச் சோதித்தோம். பக்கத்து வீட்டு நபீசா இத்தா, "எந்து சுகம் மோளே! இங்கேயே கிடந்து உறங்கலாம்னு தோணுது" என்றார். ஒருத்தர் தும்மவில்லை. அத்தனையும் மட்டாஞ்சேரி மூக்கு என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை.

வந்தவர்கள் மூன்று பேர். கலாவின் அப்பா, அம்மா, பெரியப்பா. அந்த வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அவருக்குச் சகுனம்தான் எல்லாம். எர்ணாகுளம் ஸ்டேஷன் வாசலில் வேனைப் பார்த்ததும் அந்த அம்மா, "ஏனுங், உள்ளார வீடாட்டமே இருக்குதுங்" என்று மலர்ந்துபோனார். அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வானத்தில் பறந்துகொண்டிருந்தான்.

மழை விட்டுச் சுள்ளென்று வெயில். ரோடெல்லாம் குழி. முதல் குழியில் ஏறி இறங்கியதும் பெரியப்பா ஒரு தும்மல் போட்டார். "கெளம்பயில ஒத்தத் தும்மல் ஆவாதே" என்று முகம் சுருங்கியது. அடுத்த குழியில் கலாவின் அப்பா தும்மினார். "ரெட்டை. பரவால்ல." அதற்கடுத்த குழியில் மூன்று பேரும் சேர்ந்து தும்மினார்கள். அதன்பிறகு யார் எப்போது தும்மினார்கள் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். பெரியப்பா மட்டும் கண்ணில் நீர் வடிய விரலை மடக்கிக்கொண்டே வந்தார். ஜன்னலைத் திறக்கலாமென்றால், நாங்கள் அடித்த பலகை கண்ணாடியை நகர விடவில்லை. நான் ஒருத்திதான் ஒன்றும் புரியாமல், "ஊர் மாறினா ஜலதோஷம் பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெலிங்டன் தீவைத் தொட்டபோது அந்த அம்மாவுக்கு இளைப்பு வந்துவிட்டது. மூச்சு விசில் அடித்தது. அண்ணன் வண்டியை ஓரங்கட்டி, அவரை இறக்கி, மரத்தடியில் உட்கார வைத்து, முகம் கழுவத் தண்ணீர் கொடுத்து, என்னை முந்தானையால் விசிறச் சொன்னான். மெல்ல மெல்ல மூச்சு அடங்கியது. பெரியப்பா வேனை முறைத்துக்கொண்டு, "ஆட்டோ புடிங்க. இப்படியே ஸ்டேஷனுக்குத் திரும்பிரலாம்" என்றார்.

"ஆட்டோ குலுக்குங்க. அம்மாவுக்கு மறுபடி இளைக்கும். கொஞ்சம் பொறுங்க, படுத்துட்டே வரலாம்" என்றான் அண்ணன்.

சொல்லிவிட்டுத் திருப்புளியை எடுத்து வேனுக்குள் ஏறினான். ஒரு மழைக்காலம் முழுக்க இழைத்து இழைத்துப் போட்ட பலகைகளை நெம்பி நெம்பி வெளியே வீசினான். வளையல் மாடம் உடைந்தது. சீட்டுகளைக் கத்தியால் கிழித்து, குழிக்குக் குழி மிளகாய்த் தூள் கக்கிய சாக்கையெல்லாம் இழுத்துப் போட்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஜன்னல் திறந்தது. ஈரத் துணியால் தரையைத் துடைத்து, கிழிந்த மெரூன் துணியை உதறி விரித்து, "வாங்கம்மா" என்று கூப்பிட்டான். என் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. நான் தேம்பித் தேம்பி அழுதேன். அந்த அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஏறிப் படுத்ததும் பெரியப்பாவும் வேறு வழியில்லாமல் ஏறினார். வீட்டுக்கு வந்ததும் என் அம்மா பலகாரத் தட்டை நீட்டினாள். பெரியப்பா தொடவில்லை. மடக்கிய விரல்களைப் பார்த்தபடி சொன்னார்: "ஒண்ணு விடாம எண்ணீட்டு வந்தனுங்க. ஒத்தப்படையில வந்து நிக்குது. இது சரிப்பட்டு வராதுங்க."

கலாவின் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் பேச்சைத் தம்பி தாண்டுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. இடமில்லாமல் சந்தில் நின்றிருந்த என் அண்ணன் முகத்தை நான் பார்க்கவே இல்லை. பார்க்க முடியவில்லை.

"அச்!"

எல்லோரும் திரும்பினோம். கலாவின் அம்மா. கண்ணும் மூடவில்லை, மூக்கும் அசையவில்லை. வாயால் சொன்ன தும்மல்.

பெரியப்பா உற்றுப் பார்த்தார். "இது நெசத் தும்மலா புள்ள?"

"வேன்லயே வர வேண்டியதுங் மாமா, இப்பத்தான் வந்துச்சு" என்றார் அந்த அம்மா. "சேத்து எண்ணிக்கோங்க. ரெட்டைப்படை ஆயிருச்சுங்."

பெரியப்பா இன்னொரு விரலை மடக்கினார். பிறகு அதிரசத்தை எடுத்துக் கடித்தார். தையில் கல்யாணம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் ஒரு காரியத்துக்குச் சரி என்று சொல்வதில்லை, தும்முவதோடு சரி. போன வருஷம் அண்ணன் மகள், தன்னோடு வேலை பார்க்கிற பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். அண்ணன் நாள் கணக்கில் அவளோடு பேசவில்லை. அண்ணி மகளுக்கும் அண்ணனுக்கும் நடுவில் கிடந்து அல்லாடினாள். ஒருநாள் மத்தியானம் நானும் அங்கே இருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், மகளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாக "அச்" என்றான்.